நான்காம் முறையில் உதைப்பதா, ஓடுவதா

மிங்க் பண்ணையின் நாற்றம் முடிகிற வளைவைத் தாண்டியபோதுதான், கிழவரின் வீட்டை விட்டு வந்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. மிங்க் என்பது கீரியைப் போல ஒரு பிராணி. தோலுக்காகக் கூடுகளில் வளர்ப்பார்கள். மீன் கழிவை அரைத்துத் தீனியாகக் கொடுப்பதால் அந்தப் பக்கத்துக் காற்றே புளித்துப் போயிருக்கும். குளிர்காலம் முழுவதும் அதற்குள் இருந்து மூக்கு மரத்துவிட்டது. வளைவுக்கு இப்பால் வெறும் ஈரமண் வாசம் வந்ததும் எதையோ மறந்துவிட்டு வந்தவன் போல ஒருமுறை பையைத் தடவிப் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை அது. வீதியோரம் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. காலில் கிழவர் தந்த சப்பாத்து. ஒரு அளவு பெரிது. நுனியில் பத்திரிகைத் தாள் அடைத்திருந்தேன். பிராண்டே வரை நடந்து, அங்கே எனக்குத் தெரிந்த குடும்பத்துக்குச் சொல்லிவிட்டு, ரயில் ஏறி கொப்பன்ஹேகனுக்குப் போவதாக இருந்தேன். அதன் புறநகரான புரொண்பியில் எங்கள் பொடியன்கள் சிலர் ஒரு மாடிவீட்டில் சேர்ந்திருந்தார்கள். படுக்க ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

போவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் வேலை முடிந்தால் நான் கிளம்பிவிடுவேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். பிறகு மன்னாரில் வள்ளம், கொழும்பில் சாப்பாட்டுக்கடை அடுப்படி, கிரேக்கக் கப்பல் ஒன்றில் பெயின்ட் அடித்தது, கிழக்கு பெர்லினில் ரயில் நிலையத்து வாங்குப் பலகையில் படுத்தது. அங்கே இடது காலின் இரண்டு விரல்கள் குளிரில் செத்துப் போய்ப் பிறகு பாதி உயிரோடு திரும்பி வந்தன. டென்மார்க்கில் முகாமில் இருந்தேன். இருக்கலாம், வேலை செய்யலாம் என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கிடைத்ததுதான் கிழவரின் வேலை.

அன்று கிளம்பும்போது அவர் வாசலுக்கு வந்து, கதவின் கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ திரும்பி வரமாட்டாய், என்ன?" என்று டேனிஷில் கேட்டார்.

"யா," என்றேன். ஓம், வரமாட்டேன். நேராகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நிம்மதி.

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. தோளில் தட்டினார். நான் போவது இந்த மனிதருக்கு இவ்வளவு சந்தோசமா என்று கொஞ்சம் மனம் நொந்துதான் நடந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரீன்லாந்தில் அமெரிக்கர்களின் விமானத்தளம் ஒன்றில் மின்பிறப்பாக்கி பழுதுபார்க்கும் வேலையில் அரைவாசி ஆயுளைக் கழித்தவர். சூரியனே எழும்பாத மாதங்களில் அங்கே தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து போடுவார்களாம். பெயர்தான் கால்பந்து. பந்து முட்டை மாதிரி இருக்கும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். மற்றவர்கள் குடித்துக்கொண்டு பார்த்தார்கள். இவர் எண்ணிக்கொண்டு பார்த்தார். அவர் அங்கே எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் மனைவி ஊரில் வேறொருவரோடு போய்விட்டா. ஓய்வு பெற்றுத் திரும்பும்போது அமெரிக்கத் தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோக் கருவி, இரண்டையும் இந்த நாட்டு மின்சாரத்தில் ஓட வைக்கிற இரும்புப் பெட்டி ஒன்று எல்லாம் கொண்டுவந்தார். இரும்புப் பெட்டி மேசைக்குக் கீழே இரைந்துகொண்டே இருக்கும். தளத்தில் அவரோடு வேலை செய்த அமெரிக்கர் ஒருவர் தொழில்முறை அணிகளின் ஆட்டங்களைப் பதிந்து, ஒவ்வொரு பருவம் முடியவும் பார்சலாக அனுப்புவார்.

என்னை வேலைக்கு எடுக்கும்போது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"உனக்குக் கண் தெரியுமோ?"

"தெரியும்."

"அந்த வேலியில என்ன இருக்கு?"

"காகம்."

"நல்லது. எனக்கு வேலியே தெரியேல்லை."

கண்ணின் நடுப்பகுதி அவருக்குச் செத்துக்கொண்டு வந்தது. ஓரங்கள் தெரியும். நான் கோப்பியைக் கொண்டுவந்து வைப்பது தெரியும், கோப்பை தெரியாது. "நான் பாக்கிறதைத் தவிர மற்ற எல்லாம் எனக்குத் தெரியுது," என்று சிரிப்பார். ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தடித்த கறுப்புப் பேனாவால் கைவிரல் நீளத்துக்கு எழுதினால் மட்டும் தலையைச் சரித்து வாசிப்பார்.

நான் அவரை அப்பு என்று கூப்பிட்டேன். அந்த நாட்டில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். எனக்கு வாய் வரவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டார். தகப்பன், அல்லது வயதுபோன மனிதர் என்றேன். "ரெண்டும் பிழை," என்றார். ஆனால் கூப்பிட்டால் திரும்புவார்.

அவர் செய்துகொண்டிருந்தது இதுதான். சமையலறையிலிருந்து கக்கூஸ் வரை போகிற ஒடுங்கிய நடையின் சுவர் முழுவதும் சுவர்த்தாள் சுருள் ஒன்றைத் திருப்பி ஒட்டி, அதில் மைதானத்தைக் கீறியிருந்தார். கக்கூஸ் கதவு சொந்த எல்லை. சமையலறை எதிராளியின் எல்லை. இடையில் நூறு கஜத்துக்கும் கோடுகள். நான் கிளித்தட்டு விளையாடியவன். குறுக்கே கோடு, கோட்டுக்குக் கோடு மறிக்கிறவன், தாண்டினால் நிலம் உனக்கு என்றதும் பிடித்துக்கொண்டேன். புள்ளிக்கு முன்னால் நிலம். முழு ஆட்டமும் நிலத்துக்கான சண்டைதான்.

ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் ஒரு விலை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஒரு அணியின் கையில் ஓரிடத்தில் பந்து இருக்கிறது. அதற்குப் பிறகு அடுத்த புள்ளியை எடுப்பது யார், எத்தனை புள்ளி? அவர்கள் எடுத்தால் கூட்டல், எதிராளி எடுத்தால் கழித்தல். அதே இடத்தில் பந்து இருந்த எல்லா ஆட்டங்களிலும் இப்படி எழுதி, கூட்டி, பிரித்தால் அந்த இடத்தின் விலை வரும். கக்கூஸ் கதவடியில் விலை கழித்தல் கணக்கில் இருந்தது. அங்கே பந்தை வைத்திருப்பதே நட்டம் என்றார். சமையலறைப் பக்கம் போகப் போக விலை ஏறும். என் படுக்கையறை வாசல் கழித்தலும் இல்லாமல் கூட்டலும் இல்லாமல் இருந்த இடம். "உன்னை மாதிரித்தான்," என்பார்.

ஆனால் அவருடைய உண்மையான குறி நான்காம் முறை. ஒரு அணிக்குப் பத்துக் கஜம் முன்னேற நான்கு முறை கிடைக்கும். முன்னேறினால் இன்னும் நான்கு. முன்னேறாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிராளிக்கு. அந்தப் பயத்தில், மூன்று முறை முடிந்தும் ஒரு கஜமோ இரண்டு கஜமோ மிச்சமிருந்தால், நான்காவதில் எல்லோரும் பந்தைத் தூரத்துக்கு உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடுவார்கள். கோழைத்தனம் என்றார் கிழவர். கோபமாகச் சொல்ல மாட்டார். மின்பிறப்பாக்கியில் தேய்ந்த பாகம் ஒன்றைக் காட்டுவது போலச் சொல்வார். சுவரில் விலை இருக்கிறது. ஓடினால் தாண்டுவதற்கான வாய்ப்பு என்ன என்று தெரிந்தால் எங்கே உதைக்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று கணக்கே சொல்லிவிடும். ஓடத் துணிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால், மூன்றாம் முறையில் ஒரு கஜம் இரண்டு கஜம் தேவைப்பட்ட ஆட்டங்களையும் அதோடு சேர்த்துக்கொண்டார். ஓடுகிறவனுக்கு மூன்றாவதும் நான்காவதும் ஒரே நிலம்தானே என்பது அவருடைய நியாயம்.

அமெரிக்க நண்பர் இதைப் பைத்தியம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அந்த வருடம்தான், சரி, முடித்து அனுப்பு, ஒரு தொழில்முறை அணியில் பயிற்சியாளருக்கு உதவியாக இருக்கிற ஆளைத் தெரியும், அவரிடம் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தார். கிழவருக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. கண் போவதற்கு முன்னால் முடிக்க வேண்டும். காட்டக்கூடியது ஒரே ஒரு தடவை.

நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பேன். அவர் தாளோடு பக்கத்தில். பந்து எங்கே, எத்தனை கஜம் தேவை, தாண்டினானா. அவருக்குக் கூட்டத்தின் சத்தம் கேட்கும். கூட்டம் ஆரவாரித்தால் "தாண்டிட்டானா?" என்பார். முனகினால் "தாண்டேல்லையா?" என்பார். நான் பார்த்துச் சொல்வேன். நாங்கள் கோப்பி குடித்தோம், கறுத்தப் பாணில் மீனை வைத்துத் தின்றோம், வெளியே பனி கொட்டியது. மார்ச்சில் வேலை முடிந்தது. ஓடு, எங்கேயும் ஓடு என்று சொல்லியது பட்டியல். கிழவரே கொஞ்சம் திகைத்தார். அவர் நினைத்ததை விட எவ்வளவோ அதிகமாகத் தாண்டியிருந்தார்கள். "எல்லாரும் மடையங்கள். நானும்தான்," என்றார் சந்தோசமாக. திங்கட்கிழமை தபாலில் போடுவதற்குப் பார்சலைக் கட்டிக் கதவடித் தட்டில் வைத்தார்.

பிராண்டேயில் நான் அண்ணை, அக்கா என்று கூப்பிடுகிற அந்தப் புருசனும் பெண்சாதியும் வீட்டுச் செபக் கூட்டம் முடிந்து, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெந்தெகொஸ்தேக்காரர். நான் கத்தோலிக்கன் என்பதை ஒரு சின்ன வருத்தம் மாதிரிப் பொறுத்துக்கொள்வார்கள். அக்கா உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை.

"எங்கையடா மூட்டை முடிச்சோட?" என்றார் அண்ணை.

"கொப்பன்ஹேகனுக்கு."

"அப்ப கிழவனோட பந்து பாக்கிற உத்தியோகம் முடிஞ்சுதோ? பென்சன் தருவினமோ?"

"விடுங்கோப்பா அவனை," என்றா அக்கா. "ஆனாலும் எனக்கு விளங்கேல்லை தம்பி. அவங்கள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள். நீ பாத்துப்போட்டுச் சோறு தின்னுறாய். கர்த்தர் உனக்கு ஒரு வழி வச்சிருக்கிறார்."

கோப்பி வைத்தா. தனக்கு ஊற்றவில்லை.

"நீங்கள் குடிக்கேல்லையோ?"

"ஐயோ, அந்தக் கறுப்புத் தண்ணியை இனி என்ர கண்ணில காட்டாதை." அண்ணை சிரிக்கத் தொடங்கிவிட்டார். "சிரியுங்கோ, சிரியுங்கோ. கேள் தம்பி. தொழிற்சாலையில பத்து மணிக்குக் கோப்பி ஊத்துவினம். முதல் நாள் அந்த மனிசி கேட்டா, உனக்குக் கோப்பி வேண்டாமா எண்டு. நான் 'யா' எண்டன். ஊத்திப்போட்டா. அடுத்த நாளும் வேண்டாமா எண்டா. யா எண்டன். திருப்பியும் ஊத்திப்போட்டா. எறியேலாதே, முகத்துக்கு முன்னால. குளிர்காலம் முழுக்கக் குடிச்சனான். ராவில நித்திரையில்லை. இந்த மனிசன் பிசாசு பிடிச்சிருக்கெண்டு செபம் வேற வச்சது."

"ஏன் ஊத்தினவா?"

"அதைத்தான் இப்ப மொழிப் பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை. வேண்டாமா எண்டு கேட்டா எங்களுக்கு 'ஓம்' எண்டா வேண்டாம். இவைக்கு அப்பிடியில்லை. வேணுமெண்டா 'யோ' எண்டு வேறையா ஒரு சொல் இருக்கு. வேண்டாமெண்டா 'நை' எண்டோணும். நான் யா எண்டதை, பாவம், இவளுக்கு யோ தெரியாது, வேணுமெண்டுதான் சொல்லுறாள் எண்டு அந்த மனிசி தானே திருத்தி எடுத்திருக்கிறா. நல்ல மனிசி."

"நை எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் அண்ணை, என்னைப் பார்த்துக் கண்ணடித்து.

"எப்பிடிச் சொல்லுறது? காதில 'நாய்' எண்டெல்லோ விழுது. கோப்பி ஊத்துற மனிசியின்ர முகத்தைப் பாத்து நாய் எண்டே சொல்லுறது?"

நானும் அதைச் சொல்வதில்லை. மறுக்க வேண்டி வந்தால் முழு வசனமாகவே சொல்லிவிடுவேன். அப்புவின் முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கோப்பையைக் கீழே வைத்தேன். முதலில் வாசலில் அவர் முகம் மலர்ந்தது நினைவுக்கு வந்தது. பிறகுதான் தாண்டேல்லையா, யா. தாண்டேல்லையா, யா என்று ஒரு குளிர்காலம் முழுவதும் வந்தது. கூட்டம் முனகியபோதெல்லாம் கேட்டவர், நான் ஆமோதித்தபோதெல்லாம் தாண்டியதாக எழுதியிருக்கிறார். கூட்டம் முனகியும் எப்படித் தாண்டினான் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். வெளியூர் அணி தாண்டினாலும் சொந்த ஊர்க் கூட்டம் முனகத்தானே செய்யும்.

"எங்கையடா எழும்பிறாய்? ரயில் இப்ப இல்லை," என்றார் அண்ணை.

"திரும்பிப் போறன்."

"எதுக்கு?"

"கிழவருக்கும் கோப்பி ஊத்திப்போட்டன் அண்ணை."

நாற்றம் தொடங்குகிற வளைவுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. மேசையில் இரண்டு தட்டுகள் வைத்திருந்தார்.

"வந்திட்டியோ. உருளைக்கிழங்கு ஆறப்போகுது," என்றார் அடுப்பிலிருந்து திரும்பாமல்.

"நான் வருவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"நீதானே சொல்லிப்போட்டுப் போனாய்."

நான் கதிரையில் இருந்தேன். எனக்குத் தெரிந்த டேனிஷையும் ஆங்கிலத்தையும் போட்டுப் பிசைந்து சொன்னேன். அவர் சட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டார். நான் எப்படிச் சொன்னேன் என்பதை எங்கள் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

"அப்பு, நான் சொன்ன யா பிழை."

"எந்த யா?"

"நீங்கள் 'இல்லையா' எண்டு கேட்ட இடமெல்லாம். தாண்டேல்லையா எண்டா, யா எண்டது தாண்டேல்லை எண்டுதான்."

"அப்ப ஏன் நை எண்டு சொல்லேல்லை?"

நாய் என்றால் என்ன என்று சொன்னேன். புரியாமல் தலையைச் சரித்தார். குரைத்துக் காட்டினேன். சட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். மூச்சு இழுக்கும் வரை சிரித்தார். "என்ர மைதானத்தில ஒரு நாய் ஓடித் திரிஞ்சிருக்கு," என்றார். பிறகு சிரிப்பு நின்றது. எழும்பி நடைக்குப் போய்ச் சுவரில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் கிட்ட நின்றார்.

"கழிச்சுப்போடலாம்தானே அப்பு? பிழையெண்டு இப்ப தெரியுந்தானே."

"ஒரே அளவான பிழையெண்டா கழிக்கலாம்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "நான் எப்ப அப்பிடிக் கேட்டன், எப்ப இப்பிடிக் கேட்டன் எண்டு எழுதி வைக்கேல்லை. எங்க இருக்கெண்டே தெரியாத பிழையைக் கழிக்கேலாது. திருப்பிப் பாக்கோணும். எல்லாத்தையும்."

கதவடித் தட்டிலிருந்த பார்சலை எடுத்து வந்து மேசையில் வைத்து, பாண் வெட்டுகிற கத்தியால் கயிற்றை அறுத்தார். அவருடைய கையெழுத்தில் அமெரிக்க விலாசம் பெரிதாக இருந்தது. அதை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"கோடைக்குப் பிறகு நான் எழுதினதை நானே வாசிக்கமாட்டன்," என்றார். முறைப்பாடு மாதிரிச் சொல்லவில்லை. நில் என்றும் கேட்கவில்லை. "ரயில் நாளைக்கும் ஓடும். முதலில சாப்பிடு."

சாப்பிட்டோம். கிழங்கு உண்மையிலேயே ஆறிப்போயிருந்தது. நான் பையைக் கொண்டுபோய் அதே அறையில் கொளுக்கியில் மாட்டினேன். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். நாற்காலியை இழுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் போட்டார்.

முதல் வீடியோ நாடாவைத் திரும்பவும் போட்டோம். இந்த முறை அவர் கேள்வியே கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். நான் எங்கள் பாசையில் சொல்ல வேண்டும். அதை அவர் பழக வேண்டும். "தாண்டிட்டான்" அவருக்குக் கெதியாக வந்துவிட்டது. "தாண்டேல்லை" வரவில்லை. தாண்டெலா, தண்டாலே என்று நாக்கைப் போட்டுப் பிரட்டினார். மூன்றாம் முறை, ஒரு கஜம். கூட்டம் முனகியது. கிழவரின் வாய் திறந்தது. கையால் பொத்திக்கொண்டார்.

"தாண்டேல்லை, அப்பு."

"தண்டேலே," என்று சொல்லி எழுதினார்.

நாடாக்கள் கோடை வரை போகும். அதுவரை ஒரு மனிதரின் கிழங்கைத் தின்றுகொண்டு பகலெல்லாம் சும்மா இருக்க முடியாது. காலையில் எழும்பி, பெரிய சப்பாத்தோடு வேலியைச் சுற்றி மிங்க் பண்ணைக்குப் போனேன். குளிர்காலத்தில் பண்ணைக்காரி இரண்டு தரம் கூப்பிட்டு, நாற்றத்துக்குப் பயந்து போகாமல் விட்ட வேலை. மார்ச்சில் அவற்றை இணைசேர விடுவார்கள். ஒவ்வொரு பெட்டையையும் பிடித்துக் கடுவனின் கூட்டுக்குள் விட வேண்டும். சண்டை பிடித்தால் உடனே பிரித்தெடுக்க வேண்டும். ஆள் போதாமல் அவ அலைந்துகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"பின்னேரம் நேரத்துக்கு விடுவீங்களோ? அங்க எனக்கு வேலை இருக்கு," என்று கிழவரின் வீட்டைக் காட்டினேன்.

"தீனி வச்சு முடிஞ்சா நீ போகலாம்," என்றா. முழங்கை வரை வருகிற தடித்த தோல் கையுறை ஒன்றை எறிந்தா. உள்ளே ஈரமாக இருந்தது. முதல் பெட்டை பெருவிரலில் கடித்தது. தோலைத் தாண்டிப் பல் வரவில்லை, ஆனால் எலும்பு வரை நொந்தது. "வாலைப் பிடி, வாலை," என்று கத்தினா பண்ணைக்காரி, தானும் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி. நான் வாலைப் பிடித்தேன். அடுத்த கூட்டைத் திறந்துவிட்டா.